பெண்கள் பத்திரிகையில் பேசுவது யார்?

(மகளிர் அமர்வு ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

  

பெண்கள் பத்திரிகைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். நம் மேடைகளில் இந்தத் தலைப்பு வந்தால் பேச்சு எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். நேராக அட்டைப் படத்துக்குப் போகும். அந்தப் பெண் என்ன உடுத்தியிருக்கிறாள், எவ்வளவு உடுத்தியிருக்கிறாள் என்று பேசியே அரை மணி நேரத்தை ஓட்டிவிடலாம். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குத் திரும்பினால் தலையணைக்கு அடியில் இருந்த பத்திரிகை அங்கேயே இருக்கும்.

அட்டைப் படத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதன் தவறு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தெரிகிற தவறுக்கு ஒரு சொற்பொழிவு தேவையில்லை. நான் பேசப் போவது உள்ளே இருக்கும் ஒரு பகுதியைப் பற்றி. கணவனின் மனத்தை எப்படி வெல்வது, மாமியாரை எப்படிச் சமாளிப்பது, தோழியிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று மிக அன்பாக, ஓர் அக்கா பேசுவது போலப் பேசும் ஆலோசனைப் பகுதி. தலை முதல் கால் வரை மூடிய பெண்ணும், அட்டைப் படத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் பெண்ணும், இந்தப் பக்கத்தை மட்டும் ஒன்று விடாமல் படிக்கிறார்கள். நானும் படித்தவள்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்திரிகைகளைக் கொளுத்துங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. என் உம்மா எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். எழுத்து மறந்து போகாமல் அவரைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டிலிருந்து இரவலாக வந்த பத்திரிகைகள்தான். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று எங்கள் தெருவே சொல்லிக் கொண்டிருந்தபோது, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்துக் கொண்டே இரு என்று சொன்னவர் அவர். அது பத்திரிகையில் படித்தது. அந்த நன்றியை மறந்துவிட்டு நான் பேசினால் அது நேர்மையாகாது.

ஆனால் அதே பத்திரிகையில், அதே கரிசனக் குரலில், வேறொன்றும் வந்து கொண்டிருந்தது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு பத்திரிகையின் கதை

சமையல், தையல், அழகு, குழந்தை வளர்ப்பு, கடைசியில் அந்தரங்க ஆலோசனை. இந்த வரிசை வானத்திலிருந்து இறங்கியதல்ல. இது உருப்பெற்ற இடங்களில் முக்கியமானது அமெரிக்கா. அங்கே 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' என்றொரு மாத இதழ். 1883இல் தொடங்கியது. சைரஸ் கர்ட்டிஸ் என்பவர் விவசாயிகளுக்காக ஒரு பத்திரிகை நடத்தி வந்தார். அதில் பெண்களுக்கென்று ஒரு பகுதியை, அங்கிங்கே வெட்டி ஒட்டி அவரே தயாரித்தார். அதைப் படித்த அவருடைய மனைவி லூயிசா சிரித்துவிட்டார். அப்படியானால் நீயே எழுது என்றார் கணவர். லூயிசா எழுதினார். அந்தப் பகுதி வளர்ந்து தனிப் பத்திரிகையாகவே ஆகிவிட்டது. ஆக, அதன் முதல் ஆசிரியர் ஒரு பெண்.

1889இல் லூயிசா விலகினார். அதன் பிறகு 1973 வரை அந்த ஆசிரியர் நாற்காலியில் ஆண்கள்தான். இடையில் 1935 முதல் 1962 வரை ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தினார்கள் என்பது மட்டும் விதிவிலக்கு. பெண்களுக்கான பத்திரிகை, பெண்கள் காசு கொடுத்து வாங்கும் பத்திரிகை, பெண்ணின் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பத்திரிகை. ஆனால் எதை அச்சிடுவது என்று தீர்மானித்தவர் ஆண்!

அந்த ஆண்களில் மிகப் புகழ் பெற்றவர் எட்வர்ட் போக். 1919 வரை ஆசிரியராக இருந்தார். கெட்ட மனிதர் அல்லர். சாராயம் கலந்த போலி மருந்துகளைச் சர்வரோக நிவாரணி என்று விற்றுக் கொண்டிருந்த காலத்தில், அந்த விளம்பரமே என் பத்திரிகைக்கு வேண்டாம் என்று 1892இல் நிறுத்தியவர் அவர். எத்தனை பத்திரிகைகளுக்கு அந்தத் துணிச்சல் வரும்? ஆனால் அதே மனிதர் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்றார். பெண்கள் சங்கம் வைத்துக் கூடுவதே வீட்டுக்குக் கேடு என்று முன்னாள் ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்தை 1905இல் எழுத வைத்தார். பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒன்று அது. அத்தனை வீடுகளிலும் இருந்த பெண்களுக்கு, உன் இடம் இதுதான் என்று அன்பாகச் சொல்லப்பட்டது. அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்றது 1920இல். இந்தப் பத்திரிகையின் உதவியால் அல்ல.

'இந்தத் திருமணத்தைக் காப்பாற்ற முடியுமா?'

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 1953இல் இந்தப் பத்திரிகையில் ஒரு பகுதி தொடங்கியது. 'இந்தத் திருமணத்தைக் காப்பாற்ற முடியுமா?' என்பது அதன் பெயர். அமைப்பு எளிமையானது. முதலில் மனைவி தன் பக்கத்தைச் சொல்வாள். அடுத்து கணவன் தன் பக்கத்தைச் சொல்வான். மூன்றாவதாக ஆலோசகர் வந்து தீர்ப்பைச் சொல்வார். ஜமாஅத்தில் பஞ்சாயத்து நடக்கும்போது ஜன்னலோரம் நின்று கேட்பது போல அத்தனை சுவை! அறுபது ஆண்டுகள், 2014 வரை, அந்தப் பகுதி ஓடியது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

பார்ப்பதற்கு மிக நியாயமான ஏற்பாடு. இரண்டு தரப்பும் பேசுகிறது. நடுவர் கேட்கிறார். ஆனால் தொடங்கிய ஆண்டுகளில் வந்த தீர்ப்புகளைப் பார்த்தால் அவை பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. கணவன் வீட்டுக்குத் தாமதமாக வருகிறானா? வீட்டில் அவனை எப்படி வரவேற்கிறாய் என்று யோசி. எரிந்து விழுகிறானா? நீ எதையாவது நச்சரிக்கிறாயா என்று பார். கணவன் கை நீட்டிய குடும்பங்களில் கூட, அவனைக் கோபப்படுத்தும்படி அவள் என்ன செய்தாள் என்று தேடிய ஆலோசனைகள் 1950களில் அந்தப் பத்திரிகையில் வந்தன. அடி வாங்கியவளிடமே காரணம் கேட்கும் இந்தப் பழக்கம் நம் ஊருக்கும் புதிதல்லவே!

அந்த நடுவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பகுதியின் தொடக்க காலத்தில் வழக்குகளை அளித்தது லாஸ் ஏஞ்சலிஸில் பால் போப்பனோ என்பவர் 1930இல் நிறுவிய குடும்ப ஆலோசனை நிலையம். டாக்டர் என்றே அவரை அழைத்தார்கள். அந்தப் பட்டம் ஒரு கல்லூரி கௌரவத்துக்குக் கொடுத்தது. மனோதத்துவம் படித்தவர் அல்லர். மருத்துவரும் அல்லர். அவர் முதலில் தேர்ச்சி பெற்றிருந்த துறை எது தெரியுமா? பேரீச்சை! இளைஞராக இருந்தபோது தந்தையின் நாற்றுப் பண்ணைக்காக அல்ஜீரியாவுக்கும் பஸ்ராவுக்கும் போய், ஆயிரக்கணக்கான பேரீச்சங்கன்றுகளை வாங்கிக் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பினார். அதைப் பற்றி 1913இல் ஒரு நூலும் எழுதினார். நல்ல கன்றைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது போல மனிதரையும் தேர்ந்தெடுத்து வளர்க்கலாம் என்ற கொள்கைக்குப் பிறகு வந்து சேர்ந்தார். தகுதியற்றவர்கள் என்று அரசு முத்திரை குத்தியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை ஆதரித்து எழுதினார். கலிஃபோர்னியா மாநிலத்தில் அப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் சுமார் 20,000 பேர். தகுதியுள்ளவர்களோ விவாகரத்து செய்யாமல் நிறையக் குழந்தைகள் பெற வேண்டும். அதற்காகத்தான் அவர் குடும்ப ஆலோசனைக்கே வந்தார்.

சகோதரிகளே! அந்தப் பத்திரிகையைத் திறந்து கண் கலங்கிய பெண்ணுக்கு இதில் எதுவுமே தெரியாது. தனக்காக ஒரு நல்ல மனிதர் யோசிக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். பேசுகிறவர் யார், அவருக்கு என்ன நோக்கம் என்று ஆலோசனைப் பக்கத்தில் யாரும் அச்சிடுவதில்லை.

மார்ச் 18, 1970

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1970ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி காலை, நியூயார்க்கில் இருந்த அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குள் நூறு பெண்களுக்கு மேல் நுழைந்தார்கள். ஆசிரியர் ஜான் மாக் கார்ட்டரின் அறையை நிறைத்து உட்கார்ந்து கொண்டார்கள். பதினொரு மணி நேரம் நகரவில்லை. பலர் தாங்களே பத்திரிகைகளில் வேலை பார்த்த பெண்கள். எந்த அறையில் எது தீர்மானிக்கப்படும் என்று அறிந்தவர்கள். ஆகவே வெறும் கோஷத்தோடு வரவில்லை. பத்திரிகை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி இதழையே தயாரித்துக் கொண்டு வந்திருந்தார்கள். அதன் அட்டையில் ஒரு கர்ப்பிணிப் பெண். அவள் கையில் 'கூலியில்லா உழைப்பு' என்றொரு பலகை.

அவர்கள் கேட்டவற்றைக் கவனியுங்கள். ஆசிரியர் பெண்ணாக இருக்க வேண்டும். கறுப்பினப் பெண்களையும் வேலைக்கு எடுக்க வேண்டும். அலுவலக ஊழியருக்கு வாரத்துக்குக் குறைந்தது 125 டாலர் சம்பளம் வேண்டும். ஊழியர்களின் குழந்தைகளைப் பார்த்துக் கொள்ள அங்கேயே ஏற்பாடு வேண்டும். பெண்ணை இழிவுபடுத்தும் விளம்பரங்களை நிறுத்த வேண்டும். 'இந்தத் திருமணத்தைக் காப்பாற்ற முடியுமா?' பகுதியை நிறுத்த வேண்டும்.

என்ன கிடைத்தது? 1970 ஆகஸ்ட் இதழில் எட்டுப் பக்கங்கள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. அதற்குப் 10,000 டாலர் ஊதியம். மூன்று ஆண்டுகள் கழித்து லெனோர் ஹெர்ஷி என்ற பெண் ஆசிரியரானார். மார்ச் 18 அன்று அந்த அறையில் ஆசிரியரோடு இருந்து, உள்ளே வந்தவர்களோடு வாதாடிய அதே பெண். அந்தத் திருமணப் பகுதி மட்டும் நிற்கவில்லை. காலத்துக்கேற்ப அதன் குரல் மாறியது, உண்மை. ஆனால் ஆலோசனையைப் படிப்பவள் மனைவி மட்டுமே என்பது மாறவில்லை.

அந்தப் பெண்களின் எல்லாக் கருத்துக்களோடும் நாம் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. நானும் ஒத்துப்போகிறவள் அல்லள். ஆனால் ஒரு பத்திரிகையில் தவறு இருந்தால் அட்டையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போகாமல், உள்ளே எந்தப் பக்கத்தில் தவறு இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார்களே, அதை நாம் கற்றுக் கொள்ளலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

நீங்கள் கொடுக்கும் விலையில் ஒரு வழவழப்பான பத்திரிகையின் காகிதச் செலவு கூட ஈடாகாது. மிச்சத்தை விளம்பரதாரர் கொடுக்கிறார். எதற்குக் கொடுக்கிறார்? தன் பொருளைப் பார்க்கும் பெண், 'இது எனக்கு வேண்டும்' என்று நினைக்கும் மனநிலையில் இருப்பதற்காகக் கொடுக்கிறார். தன்னிடம் குறை இருக்கிறது என்று நினைக்கும் பெண்தான் வாங்குவாள். மன நிறைவோடு இருக்கும் பெண்ணிடம் எதை விற்பது?

'மிஸ்' என்ற பத்திரிகையை நடத்திய குளோரியா ஸ்டைனம் 1990இல் தம் அனுபவத்தை வெளிப்படையாக எழுதினார். ஒரு முறை சோவியத் நாட்டுப் பெண்கள் சிலரைப் பற்றிய கட்டுரை. அவர்கள் படம் அட்டையில் வந்தது. சோவியத் அரசின் கோபத்துக்கு ஆளாகி, நாட்டை விட்டே வெளியேற வேண்டிவந்த பெண்கள் அவர்கள். ஓர் ஒப்பனைப் பொருள் நிறுவனம் விளம்பரம் தர மறுத்துவிட்டது. காரணம்? அட்டையில் இருந்த பெண்கள் முகத்தில் ஒப்பனை இல்லை! அந்த ஆண்டு முதல் விளம்பரமே வேண்டாம் என்று சந்தாவை மட்டும் நம்பி அந்தப் பத்திரிகை மறுபடி வெளிவந்தது.

இதை விடக் கொடியது சிகரெட். 1968இல் பெண்களுக்கென்றே மெல்லிய சிகரெட் ஒன்றை அமெரிக்காவில் இறக்கினார்கள். புகைப்பது பெண் விடுதலை என்பது போல விளம்பரம் செய்தார்கள். பெண்கள் பத்திரிகைகளுக்குக் கொள்ளை வருமானம். 1987 வாக்கில் அந்நாட்டுப் பெண்களைக் கொல்லும் புற்றுநோய்களில் நுரையீரல் புற்றுநோய், மார்பகப் புற்றுநோயைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. அந்தப் பத்திரிகைகள் இதைப் பற்றி எவ்வளவு எழுதின? 1992இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வந்த ஆய்வு 1959 முதல் 1986 வரை வெளிவந்த தொண்ணூற்றொன்பது பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தது. சிகரெட் விளம்பரம் வாங்கிய பத்திரிகைகள் புகையின் தீமையைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருந்தன. பெண்கள் பத்திரிகைகளில் இந்த வித்தியாசம் மற்றவற்றைவிட அதிகம். கொழுப்பைக் குறை, தோலைக் காப்பாற்று, கணவனைக் கவனி என்று பக்கம் பக்கமாக அக்கறைப்பட்ட அக்கா, உயிர் போகும் விஷயத்தில் மட்டும் வாயை மூடிக் கொண்டாள். 'குட் ஹவுஸ்கீப்பிங்' போல 1952இலேயே சிகரெட் விளம்பரத்தை விலக்கிய பெண்கள் பத்திரிகையும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முடியாது என்பதல்ல. மனம் இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1975இல் ஒரு சிவப்பழகு க்ரீம் விற்பனைக்கு வந்தது. 'ஃபேர் அண்ட் லவ்லி'. உங்கள் வீட்டு அலமாரியில் அது இருந்திருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. அதன் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றை உங்களில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓய்வு பெற்ற தந்தை. வீட்டில் பணமில்லை. ஒரு மகன் இருந்திருந்தால் என்று பெருமூச்சு விடுகிறார். அது கறுப்பான மகளின் காதில் விழுகிறது. அவள் க்ரீம் பூசுகிறாள். வெளுக்கிறாள். விமானப் பணிப்பெண்ணாகிறாள். தந்தையை நட்சத்திர ஓட்டலுக்கு அழைத்துப் போகிறாள். தந்தை மகிழ்கிறார்.

தந்தைக்கும் மகளுக்கும் இடையே உள்ள பாசத்துக்கே ஒரு டியூபின் விலை வைத்துவிட்டார்கள்! தந்தையின் எண்ணம் தவறு என்று அந்தக் கதையில் யாருக்குமே தோன்றவில்லை. திருத்தப்பட வேண்டியது மகளின் தோல்தான். அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதைத் தேசிய மனித உரிமை ஆணையம் வரை கொண்டு சென்றது. 2003இல் விளம்பரம் நிறுத்தப்பட்டது. 2020இல் அந்தக் க்ரீமின் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லும் போயிற்று. க்ரீம் போகவில்லை.

இன்று உங்கள் மகள் அச்சுப் பத்திரிகை வாங்குவதில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். அமெரிக்கக் கதையில் வந்த அந்த இதழும் மாத வெளியீட்டை 2014இல் நிறுத்திவிட்டது. அந்தக் குரல் கைபேசிக்குக் குடி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அங்கே விளம்பரம் எது, ஆலோசனை எது என்று பிரிக்கும் கோடு கூடக் கிடையாது.

இல்லாமல் போன தோழி

இன்னொன்று. இந்தப் பக்கங்களில் ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் யார்? கவனித்துப் பாருங்கள். மாமியார் என்றால் சமாளிக்கப்பட வேண்டியவள். நாத்தனார் என்றால் உஷாராக இருக்க வேண்டியவள். அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவள் என்றால் போட்டியாளி. தோழி என்றால் எந்த நேரமும் கணவனைப் பறித்துக் கொள்ளக் கூடியவள்.

நம் வாழ்க்கை அப்படியா இருக்கிறது? எனக்குப் பிரசவமானபோது நாற்பது நாள் என் துணியை அலசியவர் என் மாமியார். வெளிநாட்டில் கணவன் இருக்கும் வீடுகளில் ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஆட்டோவுக்கு ஓடுகிறவள் பக்கத்து வீட்டுக்காரி. சண்டையும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெண்ணுக்குப் பெண் துணையாக நிற்கும் பக்கம் பத்திரிகையில் வருவதில்லை. ஒருத்திக்கு ஒருத்தி ஆலோசனை சொல்லிக் கொண்டால் ஆலோசனைப் பக்கத்துக்கு வேலை இல்லையே!

நம் வீட்டுக் கண்ணாடி

இதுவரை சொன்னதற்கெல்லாம் நீங்கள் தலையாட்டினீர்கள். இனிச் சொல்லப் போவது சற்றுக் கசக்கும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

விளம்பரம்தான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்றால், விளம்பரமே இல்லாத பத்திரிகையில் அந்தக் குரல் கேட்கக் கூடாது. நம் சமுதாயப் பத்திரிகைகளை எடுத்துக் கொள்ளுங்கள். அழகு சாதன விளம்பரம் கிடையாது. சிகரெட் கிடையாது. நடிகை படம் கிடையாது. ஆனால் பின்பக்கம் ஒன்றில் 'மகளிர் பகுதி' இருக்கும். திறந்து படியுங்கள். கணவன் வீட்டுக்கு வரும்போது புன்னகையோடு வரவேற்பது எப்படி? அவன் கோபத்தில் இருக்கும்போது எதிர்த்துப் பேசாமல் இருப்பது எப்படி? இல்லறம் இனிக்கப் பத்து வழிகள். பத்து வழிகளும் மனைவிக்கு! அந்த அமெரிக்கப் பேரீச்சை வியாபாரி சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தாள் மட்டும்தான் மட்டம்.

ஏன் இப்படி ஆகிறது? எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் நல்ல ஆலிம்கள், நல்ல சகோதரர்கள். எனக்குத் தெரிந்த காரணம் மிக எளிமையானது. மகளிர் பகுதியைப் படிப்பது மகளிர் மட்டும். இரண்டு பேருக்கு நடுவே ஒரு சிக்கல். அதில் ஒருத்தியிடம் மட்டும் பேசுகிறோம். அப்படியானால் திருத்தம் முழுவதும் அவள் தலையில்தான் விழும். கணவனுக்குச் சொல்ல வேண்டியதை எழுதினாலும் அவன் அந்தப் பக்கத்தைப் புரட்டப் போவதில்லை. ஆகவே எழுதுகிறவரும் எழுதாமல் விட்டுவிடுகிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், வீட்டு வேலைகளில் கை கொடுத்தார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதைக் கூட நாம் மகளிர் பகுதியில்தானே அச்சிடுகிறோம்! அங்கே அது யாருக்கு?

கைக்கூலி விஷயமும் இப்படித்தான். மகரைக் கொடுத்து மணமுடிக்க வேண்டியவன் ஆண். கைக்கூலி வாங்குகிறவனும் ஆண். ஆனால் வாங்கக் கூடாது என்ற கட்டுரை மாமியார்களுக்கு அறிவுரையாக மகளிர் பகுதியில் வரும்.

இதைவிட நல்ல முன்மாதிரி நம்மிடமே இருந்தது. 1898இல் லாகூரில் 'தஹ்ஸீபே நிஸ்வான்' என்ற உருது வார இதழ் வெளிவந்தது. ஆசிரியர் முஹம்மதி பேகம். அப்போது அவருக்கு வயது இருபது. கணவர் சையத் மும்தாஸ் அலி தேவ்பந்தில் படித்தவர். பெண்களுக்கு மார்க்கம் கொடுத்த உரிமைகளைப் பற்றி மும்தாஸ் அலி ஒரு நூல் எழுதி, ஸர் சையத் அஹ்மத் கானிடம் காட்டினார். படித்துப் பார்த்த ஸர் சையத் முகம் சிவந்து, அதைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் மும்தாஸ் அலி அந்தக் காகிதங்களைப் பொறுக்கிக் கொண்டு வந்துவிட்டார். ஸர் சையத் காலமான பிறகுதான் நூல் வெளிவந்தது. அதே ஆண்டுதான் பத்திரிகையும். அதை இலவசமாக வீடுகளுக்கு அனுப்பினார்கள். வசை வார்த்தைகள் எழுதப்பட்டுத் திரும்பி வந்தன. சந்தா கட்டியவர்கள் மிகச் சொற்பம்.

அந்தப் பத்திரிகையும் சமையல் சொன்னது. வீட்டு நிர்வாகம் சொன்னது. பெண்ணின் உலகம் வீடு என்ற எல்லையைப் பெரிதாகத் தாண்டவில்லை. ஆனால் வாசகிகள் எழுதினார்கள். பர்தாவுக்குள் இருந்த பெண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத பெண்கள், கடிதங்களில் ஒருவருக்கொருவர் பதில் எழுதிக் கொண்டார்கள். 1908இல் முஹம்மதி பேகம் முப்பது வயதில் மறைந்தார். பத்திரிகை அவருக்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் நடந்தது.

ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர் குழுவினரிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மகளிர் பகுதியை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. அதைப் பெண்களிடமே கொடுங்கள். எங்கள் கடிதங்களை வெட்டாமல் போடுங்கள். சட்டம், மருத்துவம், வக்ஃபு வாரியத்தின் உதவித் தொகை, பிள்ளைகளின் மேற்படிப்பு என்று நாங்கள் கேட்பதற்கு அங்கே பதில் வரட்டும்.

கணவன் மனைவி பற்றிய கட்டுரைகளை மட்டும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றைத் தலையங்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் போடுங்கள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று பத்திரிகையைப் பிரிக்கும் சகோதரர் முதலில் பார்க்கும் பக்கம் அதுதான்.